ஆங்கிலத்தில் எதிர்கால முற்றுக் காலத்தின் வரலாறு

ஆங்கில இலக்கணத்தில் 'ஃபியூச்சர் பெர்ஃபெக்ட்' எனப்படும் எதிர்கால முற்றுக் காலம், வருங்காலத்தில் குறித்த ஒரு வேளைக்குள் ஒரு செயல் முடிந்திருக்கும் என்பதைக் காட்டும் வினைவடிவம் ஆகும். 'ஐ வில் ஹேவ் ஃபினிஷ்ட் பை ஃபைவ்' என்றால் 'ஐந்து மணிக்குள் முடித்திருப்பேன்' என்று பொருள்.

தோற்றம்

பழைய ஆங்கிலத்தில் வினைச்சொற்களுக்கு நிகழ்காலம், இறந்தகாலம் என இரண்டு கால வடிவங்களே இருந்தன. எதிர்காலத்தையும் பெரும்பாலும் நிகழ்கால வடிவமே சுட்டியது. விருப்பத்தைக் குறித்த 'வில்', கடமையைக் குறித்த 'ஷால்' ஆகிய வினைகள் காலப்போக்கில் எதிர்காலத் துணைவினைகளாயின. உடைமையைக் குறித்த 'ஹேவ்' என்னும் வினையும் இவ்வாறே மாறியது. 'எழுதிய கடிதம் என்னிடம் உள்ளது' என்பது போன்ற தொடரமைப்பு, 'கடிதத்தை எழுதிவிட்டேன்' என்னும் பொருளைப் பெற்றது. இவ்விரு மாற்றங்களும் இணைந்தே எதிர்கால முற்று உருவானது.

இலக்கண நூல்களில்

அச்சில் வந்த முதல் ஆங்கில இலக்கணம் வில்லியம் புல்லோக்கர் 1586இல் வெளியிட்டதாகும். அதுவும் அதன்பின் வந்த பல நூல்களும் இலத்தீன் இலக்கணத்தை முன்மாதிரியாகக் கொண்டன. இலத்தீனில் எதிர்கால முற்றுக்கெனத் தனி வினைவடிவம் இருந்ததால், ஆங்கிலக் கால அட்டவணையிலும் அதற்கோர் இடம் அளிக்கப்பட்டது. 1795இல் லிண்ட்லி மர்ரே வெளியிட்ட புகழ்பெற்ற பாடநூல் ஆறு காலங்களைக் கூறியது. அவற்றுள் இது 'செகண்ட் ஃபியூச்சர்', அதாவது இரண்டாம் எதிர்காலம் என அழைக்கப்பட்டது.

மாறிய விதிகள்

தன்மை இடத்தில் 'ஷால்', முன்னிலையிலும் படர்க்கையிலும் 'வில்' என்னும் விதியைக் கணித அறிஞர் ஜான் வாலிஸ் 1653இல் தம் இலக்கண நூலில் எழுதினார். இன்று மூவிடங்களிலும் 'வில் ஹேவ்' என்பதே பெருவழக்கு.

1611ஆம் ஆண்டின் கிங் ஜேம்ஸ் விவிலியத்தில் 'வென்' என்னும் சொல்லைத் தொடர்ந்து 'ஷால் ஹேவ்' வரும் இடங்கள் உண்டு. இன்றைய வழக்கில் அது பிழையாகக் கருதப்படும். 'நான் முடித்ததும் அழைப்பேன்' என்பதை இப்போது 'வென் ஐ ஹேவ் ஃபினிஷ்ட், ஐ வில் கால்' என்றே எழுத வேண்டும். பழைய நூல்களைப் படித்து ஆங்கிலம் கற்போர் இவ்வேறுபாட்டில் இடறுவது இயல்பு.

சரியான பயன்பாடு

ஹான்ஸ் ரைகன்பாக் 1947இல் வெளியிட்ட தருக்க நூலில், பேசும் வேளை, செயல் நிகழும் வேளை, நோக்கும் வேளை என்னும் மூன்று புள்ளிகளைக் கொண்டு காலங்களை விளக்கினார். எதிர்கால முற்றில் நோக்கும் வேளை பேச்சுக்குப் பின்னும், செயல் அந்த நோக்கும் வேளைக்கு முன்னும் அமையும். எனவே 'நாளை வருவேன்' என்பதற்கு எளிய எதிர்காலமே போதும். 'நாளை மாலைக்குள்' என ஓர் எல்லை, சொல்லிலோ சூழலிலோ இருக்கும்போதே எதிர்கால முற்று பொருந்தும்.

ஊகத்தைக் குறிக்கவும் இவ்வடிவம் பயன்படுகிறது. 'ஹி வில் ஹேவ் அரைவ்ட் பை நௌ' என்பது 'இந்நேரம் அவர் வந்திருப்பார்' என்னும் தமிழ்த் தொடருக்கு நிகரானது. 'வந்திருப்பார்' என்ற ஒரே சொல்லால் தமிழும் எதிர்கால முற்று, ஊகம் ஆகிய இரு பொருள்களையும் உணர்த்துவதால், தமிழ் மாணவர் இதனை எளிதில் பற்றிக்கொள்ள முடியும்.