நாலு சொட்டுத் தண்ணி

எங்க களமருதூர் பக்கத்து ஆளுங்களுக்கு கோணான்குப்பம் தெரியாம இருக்காது. வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டுல கட்டின பெரியநாயகி மாதா கோயில் இருக்கற ஊர். எங்கம்மா அங்கயும் வேண்டிக்குவாங்க, ஆடி மாசம் மாரியம்மனுக்குக் கூழும் ஊத்துவாங்க. அவங்களுக்கு இதுல ஒரு குழப்பமும் கிடையாது. மாதாவைக் கும்பிடறது எங்க பக்கம் அவ்வளவு சுலபம். மகனைப் பத்தி முடிவெடுக்கறதுதான் கஷ்டம்.

நான் இப்ப முடிவெடுத்தே ஆகணும். கட்டிக்கப்போற பொண்ணு கிறிஸ்தவப் பொண்ணு. அவங்கப்பா என்கிட்ட கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான்: "ஞானஸ்நானம் வாங்கிக்கங்க தம்பி." ஆபீஸ் நண்பர்கள் தீர்ப்பும் சொல்லியாச்சு: "தலையில நாலு சொட்டுத் தண்ணி, வாங்கிட்டு வேலையப் பாரு மச்சி." பொட்டி தட்டறவன் புத்தி சும்மா இருக்குமா? நமக்கு முன்னாடி யாராவது இதே எர்ரர்ல மாட்டியிருக்காங்களான்னு தேடிப் படிச்சேன். மாட்டினவங்க எல்லாம் பெரிய தலைங்க :-)

அதுலயும் மூணு பேர், ஒரே வெள்ளைக்காரரைச் சுத்தி இருந்தவங்க. அவர் பேர் பீட்டர் பெர்சிவல். யாழ்ப்பாணத்துல வெஸ்லியன் மிஷன் பள்ளிக்கூடம் நடத்தினவர், பைபிளைத் தமிழ்ல புதுசா மொழிபெயர்க்க வேலை செஞ்சவர். அதுக்கு அவருக்குத் துணையா உட்கார்ந்தவர் அவரோட மாணவர் ஆறுமுக நாவலர். மொழிபெயர்க்கறதுன்னா மேலோட்டமா படிச்சுட்டுப் போற வேலையா? ஒவ்வொரு சொல்லையும் எடை போட்டாகணும். அப்படி பைபிளைக் கரைச்சுக் குடிச்ச மனுஷர் 1848ல் வேலையை விட்டுட்டு, வண்ணார்பண்ணையில சைவப் பள்ளிக்கூடம் ஆரம்பிச்சார். 1854ல் 'சைவதூஷணபரிகாரம்' வந்தது. எங்க கோயில் சடங்கைக் கேலி பண்றீங்களே, உங்க பழைய ஏற்பாட்டுல விளக்கும் தூபமும் பலியும் இல்லையான்னு அவங்க புத்தகத்தை வெச்சே கேட்டார். நாவலர்னா வெறும் திட்டறவர்னு நினைக்கறவங்க இருக்காங்க. எதிராளியோட நூலை இவ்வளவு மரியாதையா, முழுசாப் படிச்சவங்க அந்தக் காலத்துல கொஞ்சம் பேர்தான் இருந்திருப்பாங்கங்கறது என் கட்சி.

பெர்சிவல் பிறகு சென்னைக்கு வந்து 'தினவர்த்தமானி' பத்திரிகை நடத்தினார். அங்க வேலை பார்த்தவர் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை. 1827ல் திருநெல்வேலி கரையிருப்புல பிறந்த வைணவர். கம்பனிலும் பிரபந்தத்திலும் ஊறின வீடு. 1853ல் சாயர்புரம் மிஷன் பள்ளிக்குத் தமிழாசிரியரா போனார். போன உடனே மாறிடலை. 1858ல்தான் சென்னையில ஞானஸ்நானம் வாங்கினார். அஞ்சு வருஷம்! என்னை யோசிக்க வெச்சது அந்த அஞ்சு வருஷம்தான். சொந்தக்காரங்க, சாதி, வளர்த்த பெருமாள், எல்லாம் தராசோட ஒரு தட்டுல. பாவிக்காகக் கடவுளே தன்னைக் கொடுத்தார்ங்கற நம்பிக்கை இன்னொரு தட்டுல. பிறகு பனியனோட கதையை வெச்சு 3,700க்கும் மேல பாட்டுல 'இரட்சணிய யாத்திரிகம்' எழுதினார். 1894ல் வந்தது. இயேசுவை ஆழ்வார் பாசுரம் மாதிரி உருகிப் பாடற ஆளு நாலு சொட்டுத் தண்ணிக்கு மாறினவரா இருக்க முடியாது.

அதே பத்திரிகையில இருந்த இன்னொருத்தர் சி.வை. தாமோதரம்பிள்ளை. ஆமாங்க, நமக்குக் கலித்தொகையைப் பதிப்பிச்சுக் கொடுத்த அதே ஆள்தான். கிறிஸ்தவக் குடும்பத்துல வளர்ந்து, வட்டுக்கோட்டையில அமெரிக்க மிஷன் செமினரியில படிச்சு, பிறகு சைவத்துக்குத் திரும்பினவர்.

ஒரே பைபிள். மூணு பேருமே தமிழ்ப் புலிகள். ஆனா அவுட்புட் வேற வேற. இன்புட் பத்தலைன்னு இவங்கள்ல யாரையும் சொல்ல முடியாது.

சரி, என் விஷயத்துக்கு வர்றேன். சரித்திரத்துல எனக்குச் சந்தேகம் இல்ல. யூதரான ஜொசிஃபஸ் கி.பி. 93 வாக்கிலும், ரோமானியரான டாசிடஸ் 116 வாக்கிலும் அவரைக் குறிப்பிடறாங்க. பிலாத்து காலத்துல கொல்லப்பட்டார்னு டாசிடஸே எழுதியிருக்கார், அவருக்குக் கிறிஸ்தவங்களைக் கண்டாலே ஆகாது. அப்படி ஒருத்தர் வாழ்ந்தார், எதிரியை நேசிக்கச் சொன்னார், அதுக்கப்புறம் சிலுவையில செத்தார். இது வரைக்கும் முழு மனசோட நம்பறேன். மலைப்பிரசங்கம் படிச்சா இன்னமும் கூச்சமா இருக்கு, என்னைப் பத்தி. மூணாம் நாள் எழுந்தார்ங்கற இடத்துல நின்னுடறேன். ஞானஸ்நானத்தப்ப அதைத்தான் "விசுவாசிக்கிறீர்களா?"ன்னு கேப்பாங்க.

நடுவுல ஒரு வழியும் இருந்திருக்கு. சென்னையில ஓ. கந்தசாமி செட்டின்னு ஒருத்தர், 1915ல் மிஷனரிகள் நடுவுலயே 'நான் ஏன் கிறிஸ்தவன் இல்லை'ன்னு பேசினார். கிறிஸ்துவை நம்பறேன், ஆனா என் சமூகத்தை விட்டு வெளியேற மாட்டேன், ஞானஸ்நானம் வேண்டாம்ங்கறது அவர் நிலை. எனக்கு அது பொருந்தலை. அவருக்கு நம்பிக்கை இருந்தது, தண்ணி மட்டும் வேணாம். நான் நேர் எதிர்: தண்ணிக்கு ஆட்சேபணை இல்ல, நம்பிக்கைதான் பாதி வழியில நிக்குது. அந்தப் பாதியோட "விசுவாசிக்கிறேன்"னு சொன்னா, அஞ்சு வருஷம் தவிச்ச கிருஷ்ணபிள்ளைக்கும் அவமரியாதை, விட்டு வெளியே வந்த நாவலருக்கும் அவமரியாதை.

அவகிட்ட சொல்லிட்டேன். ரொம்ப நேரம் பேசலை. அப்புறம், "பொய் சொல்லி உள்ள வர்றதுக்கு இது மேல்"னா. அவங்கப்பாகிட்ட நான்தான் பேசணும். 1872ஆம் வருஷத்து இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி ரெண்டு பேர்ல ஒருத்தர் கிறிஸ்தவரா இருந்தாலே போதும். கத்தோலிக்கத்துல ஆயர்கிட்ட அனுமதி வாங்கணும், அவ்வளவுதான். அந்த அனுமதிக்கு விண்ணப்பம் எப்படிப் போடறதுன்னு பங்குச் சாமியாரைக் கேட்டு வெச்சிருக்கேன்.