ஊக்கு, ஸ்லைடு, டிச் பட்டன்... எதை எங்கே போடணும்? ஒரு குட்டி கைடு!

காலேஜ் டிரெடிஷனல் டே, தோழியின் கல்யாணம், மார்கழிக் கச்சேரி... புடவை கட்டுற நாள் காலையில் வீட்டில் முதலில் கேட்கிற குரல், "அம்மா, ஒரு ஊக்கு குடேன்!" என்பதுதான். அம்மாவும் தாலிக்கொடியிலிருந்தோ வளையலிலிருந்தோ ஒன்றைக் கழற்றிக் கொடுப்பார். அந்த ஒரே சைஸ் ஊக்கை வெச்சு தோள், கொசுவம், பிய்ஞ்சுபோன ஜாக்கெட் ஹூக் எல்லாத்தையும் சமாளிக்கப் பார்ப்போம். பட்டுப்புடவையில் ஓட்டை விழுவதும், பாதி விழாவில் முந்தானை சரிவதும் இப்படித்தான்.

அடையாறு சொல்லித்தரும் பாடம்

எதை எங்கே போடணும்னு புரியணுமா? ஒரு பரதநாட்டிய உடையைக் கவனிச்சுப் பாருங்க. 1935 டிசம்பரில் அடையாறு பிரம்மஞான சபை வளாகத்தில் பரதநாட்டிய மேடையேறிய ருக்மிணி தேவி அருண்டேல், 1936-ல் அங்கேயே கலாக்ஷேத்ராவைத் தொடங்கினார். நடனத்தோடு உடை, நகை ஆகியவற்றுக்கும் புது வடிவம் கொடுத்தவர் அவர்.

இன்று மேடையில் பார்க்கிற தைத்த நடன உடை ஒரே துணி இல்லை. ஜாக்கெட், பைஜாமா, முன்னால் விசிறி மடிப்பு, மேலே தாவணி எனப் பல துண்டுகள். அரைமண்டியில் உட்கார்ந்து, குதித்து, சுழன்று ஆடினாலும் எதுவும் கலையக் கூடாது. அதன் ரகசியம் சிம்பிள். இழுவையைத் தாங்குவது நாடாவும் ஹூக்கும். துணி நகராமல் பிடிச்சு நிறுத்துவது மட்டும்தான் ஊக்கின் வேலை.

புடவைக்கும் இதே விதிதான். உள்பாவாடை நாடா தளர்வா இருந்தா, பத்து ஊக்கு குத்தினாலும் பிரயோஜனம் இல்லை.

ஊக்கு

நம்ம சேஃப்டி பின்னுக்கு 1849-ல் காப்புரிமை வாங்கியவர் அமெரிக்கரான வால்டர் ஹன்ட். 15 டாலர் கடனை அடைக்க கம்பியை வளைச்சுப் பார்த்தவர், உரிமையை 400 டாலருக்கு வித்துட்டார். ஒரு முனையில் ஸ்பிரிங் சுருள், இன்னொரு முனையில் கூர்மையை மூடுகிற தொப்பி. இவ்வளவுதான் மெக்கானிசம்.

* தோளுக்கு: ஜாக்கெட்டின் தையல் கோட்டில், ரெண்டு மடிப்புத் துணி இருக்கிற இடமாகப் பார்த்து, உள்பக்கத்திலிருந்து குத்துங்க. ஒற்றைத் துணியில் குத்தினால் கிழியும்.
* கொசுவத்துக்கு: நடுத்தர சைஸ் போதும். மடிப்புகளைச் சேர்த்துக் குத்தி, அப்புறம் இடுப்பில் சொருகுங்க.
* பட்டு, ஷிஃபானுக்கு: மெல்லிய சின்ன ஊக்கு. குத்துறதுக்கு முன்னால் ஒரு சின்ன மணியை ஊக்கில் கோர்த்து சுருள் வரை தள்ளிட்டால், நூல் அதில் சிக்காது.

கழற்றின பிறகு புடவையிலேயே ஊக்கை விட்டுட்டு மடிச்சு வைக்காதீங்க. பெசன்ட் நகர், அடையாறு மாதிரி கடற்கரைப் பக்கம் உப்புக்காற்றில் சீக்கிரம் துருப்பிடிக்கும். அந்தக் கறை பட்டில் போகவே போகாது.

குண்டூசி

டெய்லருக்குத்தான் இது. தைக்கிறதுக்கு முன்னால் அளவைக் குறிக்க, மடிப்பைத் தற்காலிகமாகப் பிடிக்க. பூட்டு இல்லாததால் உடம்பில் போட்டுட்டு வெளியே போக ஏற்றதல்ல. முத்து வைத்த நீளமான பின்கள் ஹிஜாப், துப்பட்டாவுக்கு.

கொண்டை ஊசி, ஸ்லைடு

கொல்லிமலைக்குப் போற 70 வளைவுகளுக்குப் பேர் கொடுத்த அதே கொண்டை ஊசிதான்! 'யூ' வடிவம். கொண்டையின் கனத்தைத் தாங்கும், பூச்சரத்தையும் பிடிச்சுக்கும். ஸ்லைடு, சின்ன முடிக்கற்றைகளை அடக்க. அதில் ஒரு பக்கம் வளைவு வளைவாக இருக்குமே, அந்தப் பக்கம் தலையைப் பார்த்து இருக்கணும். நம்மில் பலர் தலைகீழாகத்தான் போடுறோம்.

ஹூக், டிச் பட்டன்

இறுக்கமான ஜாக்கெட்டுக்கு ஹூக்தான். டிச் பட்டன் அந்த இழுவைக்குத் திறந்துக்கும். ஜாக்கெட் தோளில் பிரா ஸ்ட்ராப் வெளியே தெரியாமல் பிடிக்க, குர்தா கழுத்து விலகாமல் இருக்க டிச் பட்டன் போதும். ஹூக் பிய்ஞ்சா ஊக்கு வேண்டாம். தைக்க அஞ்சு நிமிஷம்தான் ஆகும்.

திருகாணி

கனமான ஜிமிக்கிக்கு திருகாணிதான் பாதுகாப்பு. கிளம்புறதுக்கு முன்னால் ஒரு தடவை திருகிப் பாருங்க.

ஒரு பழக்கத்தை இன்னிக்கே விடுங்க

ரெண்டு கையும் புடவையில் இருக்கும்போது ஊக்கை எங்கே வைப்போம்? உதட்டில்! ஒரு சிரிப்பு, ஒரு தும்மல் போதும், அது உள்ளே போக. தலைத்துணி கட்டும்போது உதட்டில் கவ்விய பின் மூச்சுக்குழாய்க்குள் போன சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் நிறைய பதிவாகியிருக்கு.

அப்படி ஆயிட்டா வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. வாழைப்பழம், சோற்று உருண்டை கொடுத்து 'இறக்க'வும் பார்க்காதீங்க. இருமல் நின்னுடுச்சுன்னாலும், உடனே மருத்துவமனைக்குப் போங்க. மூச்சுத் திணறினால் 108. குழந்தை விழுங்கினாலும் இதேதான். குழந்தைக்கு வளையலிலோ அரைஞாணிலோ ஊக்கு மாட்டும் வழக்கமே வேண்டாம்.

துருப்பிடிச்ச ஊக்கு ஆழமாகக் குத்தினால், சோப்பு போட்டுக் கழுவிட்டு, டி.டி ஊசி தேவையான்னு டாக்டரிடம் கேளுங்க. எம்.ஆர்.ஐ ஸ்கேனுக்குப் போகும்போது தாலிக்கொடி ஊக்கு, ஸ்லைடு எல்லாத்தையும் கழற்றிடணும்.

பஸ்ஸில் ஓர் ஆயுதம்

29சி-யில் நின்னுக்கிட்டே வேலைக்குப் போன அத்தை, சித்திகளைக் கேளுங்க. கூட்டத்தில் உரசுறவங்களுக்கு அவங்க பதில், கைக்குள்ள இருந்த ஊக்கு. அது அவங்க தைரியம்தான். ஆனா, ஒரு பொண்ணு பஸ் ஏற ஊக்கு எடுத்துட்டுப் போக வேண்டியிருக்குன்னா, வெட்கப்பட வேண்டியது அவள் இல்லை. இப்போ சத்தம் போட்டு கண்டக்டரைக் கூப்பிடுங்க. 181 மகளிர் உதவி எண்ணும் இருக்கு.

பேக்கில் ஒரு குட்டி டப்பா

சின்ன ஊக்கு 4, நடுத்தரம் 2, ஸ்லைடு 4, கொண்டை ஊசி 2, ஒரு ஹூக், நூல் கோர்த்த ஊசி. மூடி இறுக்கமான பழைய தைல டப்பாவே போதும். புடவை கட்டும்போது அந்த டப்பாவை மேசையில் திறந்து வைங்க. ஊக்கு அதில் இருக்கட்டும், உதட்டில் வேண்டாம்!