போர்ட் சுவெட்டன்ஹாம்: காய்ச்சல் பிடித்த துறைமுகம்

பிரிக்பீல்ட்ஸில் இருப்பவர்கள் கே.எல். சென்ட்ரலில் கோமுட்டர் ஏறினால், மேற்கே கடைசி நிலையம் போர்ட் கிள்ளான். 1972 வரை அந்த ஊருக்கு போர்ட் சுவெட்டன்ஹாம் என்று பெயர்.

ஏன் அங்கே ஒரு துறைமுகம்? அதற்கு முன்பு கப்பல்கள் ஆற்றில் உள்ளே வந்து கிள்ளான் நகரில்தான் நின்றன. ஈய ஏற்றுமதி பெருகியது; பெரிய கப்பல்களுக்கு ஆறு போதவில்லை. எனவே ஆற்றின் முகத்துவாரத்தில் புதுத் துறைமுகம் கட்டி, 15 செப்டம்பர் 1901-இல் திறந்தார்கள்.

இடம் எப்படிப்பட்டது தெரியுமா? சுற்றிலும் சதுப்புக் காடு. கடல் ஏறினால் தரையெல்லாம் தண்ணீர். கிள்ளானோடு ஊரை இணைத்தது ரயில் பாதை. திறந்த சில வாரங்களிலேயே துறைமுகத் தொழிலாளர்களும் ரயில்வே ஊழியர்களும் மலேரியாவில் படுத்துவிட்டார்கள். துறைமுகத்தையே மூடிவிடலாமா என்ற பேச்சு எழுந்தது.

அந்த ஆண்டுதான் டாக்டர் மால்கம் வாட்சன் கிள்ளான் மாவட்ட மருத்துவராக வந்திருந்தார். மலேரியாவைப் பரப்புவது கொசு என்று இந்தியாவில் ரொனால்ட் ராஸ் கண்டுபிடித்து (1897) நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. வாட்சன் அந்த அறிவை நிலத்தில் செய்து காட்டினார்: காட்டை வெட்டி, வடிகால் தோண்டி, கடல்நீர் புகாமல் வரப்புக் கட்ட வைத்தார்.

மருத்துவமனையில் சேர்ந்த மலேரியா நோயாளிகளை, அவர்கள் வசித்த இடத்தை வைத்து அவர் கணக்கெடுத்தார். 1901-ஐயும் 1905-ஐயும் ஒப்பிட்டுப் பாருங்க:

கிள்ளான் நகரம்: 334; 12
போர்ட் சுவெட்டன்ஹாம்: 188, 0
மாவட்டத்தின் மற்ற பகுதிகள்: 197, 353

பாடநூலைப் படிக்கும்போது நம் கண் முதல் இரண்டு வரிகளிலேயே நின்றுவிடும். மூன்றாவது வரியையும் விட்டுடாதீங்க. வடிகால் வெட்டாத அந்தப் பகுதிகளில்தான் ரப்பர் தோட்டங்கள் பெருகிக்கொண்டிருந்தன. அங்கே லயங்களில் இருந்தவர்களில் பெரும்பாலோர் தமிழகத்திலிருந்து வந்த நம் முன்னோர். ஆள் தொகை கூடியதும் இந்த உயர்வுக்கு ஒரு காரணமாக இருக்கலாம். ஆனாலும் ஒன்று தெளிவு: அரசுக்கு வருமானம் தரும் துறைமுகத்திற்கு வடிகால் உடனே வந்தது, தோட்டத்திற்குத் தாமதமாகத்தான் வந்தது. வாட்சனே பிற்காலத்தில் தோட்டங்களில் இறங்கி வேலை செய்தார். மலேரியா ஆலோசனை வாரியம் அமைந்தது 1911-இல்தான்.

"போர்ட் சுவெட்டன்ஹாமில் மலேரியா எவ்வாறு கட்டுப்படுத்தப்பட்டது?" என்று கேள்வி வந்தால் காடு வெட்டல், வடிகால், வரப்பு ஆகிய மூன்றையும் எழுதுங்கள். விளைவைக் கேட்டால் அந்த மூன்றாவது வரியையும் சேர்த்து எழுதுங்கள். யார் பிழைத்தார்கள், யார் காத்திருந்தார்கள் என்று சொன்னால்தான் விடை முழுமையாகும்.