மண்காப்பும் செலவுப் பகிர்வும்: அமெரிக்க வேளாண் உதவித்தொகையின் தோற்றம்
அமெரிக்காவில் உழவரின் மண்காப்புப் பணிச் செலவில் ஒரு பங்கை அரசு ஏற்கும் முறை, மண்ணின்மீது கொண்ட அக்கறையால் மட்டும் தோன்றியதன்று. நீதிமன்றத் தீர்ப்பொன்றுக்கும் அதில் பங்குண்டு. விலைவீழ்ச்சியைத் தடுக்க, சாகுபடிப் பரப்பைக் குறைத்த உழவருக்கு 1933ஆம் ஆண்டின் வேளாண் சீரமைப்புச் சட்டம் பணம் வழங்கியது. 1936 சனவரி 6 அன்று உச்ச நீதிமன்றம் பட்லர் வழக்கில் அவ்வேற்பாட்டைச் செல்லாததாக்கியது. எட்டு வாரங்களுக்குள், பிப்ரவரி 29 அன்று, மண்காப்பு மற்றும் உள்நாட்டு ஒதுக்கீட்டுச் சட்டம் பிறந்தது.

பருத்தி, கோதுமை, புகையிலை முதலியன மண்வளத்தை உறிஞ்சும் பயிர்கள் என வகுக்கப்பட்டன. அவற்றைக் குறைத்துப் பயறு வகைகளையும் புல்லையும் பயிரிட்டோர் உதவி பெற்றனர். சந்தையில் தேங்கிக் கிடந்தவையும் அப்பயிர்களே என்பது தற்செயலன்று. எனினும் இதனை வெறும் சட்டத் தந்திரமென ஒதுக்குதல் பொருந்தாது. புழுதிப்புயல் பெருஞ்சமவெளியை வாட்டிய காலம் அது. ஹியூ ஹாமண்ட் பென்னட் தலைமையில் மண்காப்புப் பணித்துறை 1935இலேயே அமைந்துவிட்டது.

இச்சட்டவழி எழுந்த வேளாண் காப்புத் திட்டம், நிலத்தைப் படிவரப்பிடுதல், சுண்ணாம்பிடுதல் போன்ற பணிகளுக்குச் செலவுப் பங்கு அளித்தது. 1996இல் அதன் இடத்தைச் சுற்றுச்சூழல் தர ஊக்கத்திட்டம் பெற்றது. அரசின் பங்கிற்கு 75 விழுக்காடு உச்சவரம்பானது. ஆனால் பணி முடிந்த பின்னரே பணம் கிடைத்தது. முழுச்செலவையும் முன்னதாகத் தாமே திரட்ட இயலாத சிறு உழவருக்கு, விழுக்காட்டைவிட இந்நிபந்தனையே பெருந்தடை எனலாம். 2002இல் வளங்குன்றிய உழவருக்கும் புதிய உழவருக்கும் உச்சவரம்பு 90 விழுக்காடாக உயர்ந்தது. முன்பணமாக 30 விழுக்காடு வரை வழங்க 2008ஆம் ஆண்டின் சட்டமே இடமளித்தது.