நகர மன்றமும் சட்டமன்றமும்: பிட்டி தியாகராயரின் பொதுவாழ்வு

அரசியலாரின் வாழ்வை ஆராய்வோர் பெரும்பாலும் அவர் வகித்த பதவிகளையே எண்ணுவர். ஏற்க மறுத்த பதவியும், நகர மன்றத்தில் நிறைவேற்றிய சிறு தீர்மானமும் ஒருங்கே எண்ணத்தக்கன என்பதற்குப் பிட்டி தியாகராயரின் வாழ்வு சான்றாகும்.

1852இல் பிறந்த தியாகராயர் சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்றவர். 1882இல் ரிப்பன் பிரபு வெளியிட்ட தீர்மானம் தலத் தன்னாட்சிக்கு வழிவகுத்தது. அக்காலத்தே சென்னை நகராண்மைக் கழகத்துட் புகுந்த தியாகராயர், ஏறத்தாழ நாற்பதாண்டுகள் அதன்கண் தொண்டாற்றி, 1920இல் அலுவலரல்லாத முதல் தலைவராயினார். அதற்கு முன்னரே, 1916இல், டி. எம். நாயர், நடேசனார் ஆகியோரோடு தென்னிந்திய நலவுரிமைச் சங்கத்தைத் தோற்றுவித்திருந்தார்.

1919ஆம் ஆண்டுச் சட்டப்படி இரட்டையாட்சி அமைந்தது. 1920ஆம் ஆண்டுத் தேர்தலில், தேர்தலுக்குரிய 98 இடங்களுள் 63 இடங்களை நீதிக்கட்சி பெற்றது. ஆளுநர் வில்லிங்டன் பிரபு அமைச்சரவை அமைக்க அழைத்தபோது தியாகராயர் மறுத்துவிட்டார். சுப்பராயலு ரெட்டியார் முதல் அமைச்சரானார். தியாகராயரோ சட்டமன்ற உறுப்பினராகவும் நகராண்மைக் கழகத் தலைவராகவும் அமைந்தார்.

அதே 1920இல், ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த கழகப் பள்ளி மாணவர்க்குச் சிற்றுண்டி வழங்கும் திட்டத்தை அவர் முன்மொழிய, மன்றம் ஏற்றது. நாளொன்றுக்கு மாணவர் ஒருவர்க்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவே வரையறுக்கப்பட்டது. திட்டம் பின்னர் மேலும் நான்கு பள்ளிகட்கு விரிந்தது. 1922-23இல் 811ஆக இருந்த அவ்வைந்து பள்ளிகளின் மாணவர் தொகை, 1924-25இல் 1,671ஆக உயர்ந்தது. ஆயின் தொடக்கக் கல்வி நிதியினின்று இதற்குச் செலவிடுதல் கூடாதென அரசு தடுத்தமையால், 1925 ஏப்ரல் முதல் நாளிலிருந்து திட்டம் இடையூறுற்றது. அவ்வாண்டிலேயே தியாகராயரும் மறைந்தார்.

இத்தடை எழுந்த காலம் நோக்குதற்குரியது. அமைச்சரவை நீதிக்கட்சியினதே, கல்வி அமைச்சர் பொறுப்பிலிருந்த துறையே. எனினும் நிதித்துறை ஆளுநரின் நிருவாகக் குழுவிடமே நின்றது. கல்விக்குப் பொறுப்பாளரும் பொருளுக்குப் பொறுப்பாளரும் வெவ்வேறாயமைந்தமையே இரட்டையாட்சியின் அடிப்படைக் குறைபாடு. அக்குறைபாடு ஏழைச் சிறுவரின் உணவளவும் எட்டியது எனலாம்.

தியாகராயர் பதவியை மறுத்தமை அவர்தம் பெருமையை உயர்த்திற்று என்பது உண்மையே. ஆயினும் நகர மன்றத்தில் தோன்றும் நற்றிட்டம் நிலைபெற, நிதியை ஆளும் அதிகாரம் வேண்டும் என்பதும் அவர் வாழ்வு தரும் பாடமே. விடுதலைக்குப் பின்னர், 1956இல் காமராசர் ஆட்சி மதிய உணவுத் திட்டத்தை மாநிலமளாவ மேற்கொண்டபோதே அவ்வதிகாரமும் அவ்வெண்ணமும் ஒன்றுகூடின.