மலாய்ச் சொல், தமிழ் இலக்கணம்?

இலங்கையில் தமிழும் சிங்களமும் தவிர வேறு என்ன பேசுகிறார்கள் என்று கேட்டால் பலருக்கு ஆங்கிலம்தான் நினைவுக்கு வரும். கொழும்பு கொம்பனித்தெருவிலும், அம்பாந்தோட்டை மாவட்டத்துக் கிரிந்தவிலும் வீட்டில் மலாய் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள் நண்பர்களே! நாடு முழுக்கச் சேர்த்தாலும் இலங்கை மலாயர் சுமார் 40 ஆயிரம் பேர்தான்.

1656இல் கொழும்பைப் பிடித்த டச்சுக்காரர்கள் ஜாவாவிலிருந்தும் மற்ற தீவுகளிலிருந்தும் சிப்பாய்களையும், நாடுகடத்திய அரச குடும்பத்தாரையும் கொண்டுவந்தார்கள். பின்னால் வந்த ஆங்கிலேயர் மலாய்ப் படை வைத்திருந்து, 1873இல் கலைத்தார்கள். வந்தவர்களுக்குத் தாய்மொழி ஒன்றல்ல. துறைமுகங்களின் கடைத்தெரு மலாய்தான் பொதுமொழி.

இனிதான் சுவாரசியம். மலேசியாவில் 'வீட்டுக்கு' என்றால் 'கே ரூமா', 'வீட்டில்' என்றால் 'டி ரூமா'. இலங்கையில் 'ரூமாநங்', 'ரூமாகா'. முன்னால் நின்றது போய், வேற்றுமை உருபு நம்மைப் போலவே பின்னால் ஒட்டிக்கொண்டது. வினைச்சொல்லும் வாக்கியக் கடைசிக்கு நகர்ந்துவிட்டது. 'எனக்கு உடம்பு சரியில்லை' என்பதற்கு மலேசியாவில் 'நான்' போட்டுத்தான் சொல்வார்கள். இலங்கை மலாயர் 'செடாங்', அதாவது 'எனக்கு' என்றே தொடங்குவார்கள்.

எனக்குப் பிடித்தது 'காத்தா'. மலாயில் 'சொல்லுதல்' என்று பொருள். இலங்கையில் அதுவே நம் 'என்று' செய்கிற வேலையைச் செய்கிறது. நம் 'என்று'ம் 'சொல்லுதல்' என்ற பொருளுள்ள 'என்' வினையிலிருந்து வந்ததுதானே!

இதெல்லாம் தமிழால்தான் என்று உடனே காலரைத் தூக்கிவிட வேண்டாம். மொழியியலாளர் இயன் ஸ்மித் போன்றவர்கள் தமிழ் பேசும் சோனகருடன் ஏற்பட்ட மண உறவைக் காரணமாகச் சொன்னார்கள். உம்பர்த்தோ அன்சால்டோ இதை ஏற்கவில்லை. சிங்களத்துக்கும் பங்குண்டு என்கிறார். சிங்களத்திலும் வினை கடைசியில்தான் வரும், 'எனக்கு' வாக்கியமும் உண்டு. இரண்டும் ஒரே மாதிரி இருக்கும்போது எது கொடுத்தது என்று பிரிப்பது லேசல்ல. 'என்னுடைய' என்பதில் வரும் 'பே' உருபோ கடைத்தெரு மலாயின் 'பூன்யா'வின் தேய்வு. அதைக் கப்பலிலேயே கொண்டுவந்துவிட்டார்கள்.

1869இல் 'அலாமத் லங்காபுரி' என்று கொழும்பில் மலாய்ப் பத்திரிகையே நடத்திய சமூகம் இது. 2000களில் ஆய்வாளர்கள் போனபோது கிரிந்தவில் குழந்தைகளும் இந்த மொழியைப் பேசினார்கள். கொழும்பில் இளையவர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்துக்கும் சிங்களத்துக்கும் மாறியிருந்தார்கள். சமூகப் பெரியவர்கள் சிலர் பிள்ளைகளுக்கு மலேசியாவின் 'சுத்த' மலாயைக் கற்பிக்க விரும்பினார்கள். வேலைக்கு உதவும், சரிதான். ஆனால் அந்த வகுப்பில் 'ரூமாநங்' என்று எழுதினால் தப்பென்று சுழிப்பார்கள்.