திரை உறைஞ்சு போறது ஏன்? - ஒரு தோத்துப்போன கனவு

ஒரு பட்டனை அமுக்குறீங்க. ஜன்னல் அப்படியே வெளுத்துப் போய், தலைப்புல "நாட் ரெஸ்பாண்டிங்"னு வருது. நாம உடனே கம்ப்யூட்டரைத் திட்டுவோம். ஆனா இதுக்குப் பின்னாடி ஒரு சுவாரசியமான சரித்திரம் இருக்கு. பி.காம். படிக்கிறவனுக்கு இது எதுக்குன்னு கேக்காதீங்க, கணக்குப் பிள்ளை விஷயம்தான் இதுவும் :-)

விண்டோஸ், மேக் எல்லாத்துலயும் திரையை வரையறது, மவுஸ் க்ளிக்கைக் கவனிக்கிறது எல்லாம் வழக்கமா ஒரே த்ரெட் பாக்குற வேலை. அந்த த்ரெட்டையே பெரிய ஃபைலைப் படிக்கச் சொன்னா, திரை உறைஞ்சிடும். சரி, படிக்கிறதை இன்னொரு த்ரெட்கிட்ட கொடுத்துடலாம். அது வேலையை முடிச்சுட்டு நேரா திரையில எழுதலாமா? வம்பே இங்கதான்.

எழுதலாம்னு நம்பித்தான் ஜாவாக்காரங்க ஆரம்பிச்சாங்க. 1996-ல ஜாவா 1.0 வந்தப்போ அதுல இருந்த ஏ.டபிள்யூ.டி., எந்த த்ரெட்டும் தொடலாம்ங்கிற எண்ணத்தோட உருவானது. தொட்டாங்க. புரோகிராம்கள் காரணமே தெரியாம அங்கங்க நின்னுச்சு.

ஏன்னு கேட்டா, ஒரு கடையை நினைச்சுக்குங்க. ரெண்டு குமாஸ்தா. ஒருத்தர் முதல்ல பேரேட்டை எடுத்துட்டு அப்புறம் கல்லாச் சாவியைத் தேடுவார். இன்னொருத்தர் முதல்ல சாவியை எடுத்துட்டு பேரேட்டைத் தேடுவார். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கிளம்பினா? "நீ கொடு", "இல்ல நீ கொடு"ன்னு சாயங்காலம் வரைக்கும் நிக்க வேண்டியதுதான். இதுக்குப் பேர் டெட்லாக்.

திரை விஷயத்துல இது தற்செயலா நடக்குறது இல்ல, அமைப்புலயே இருக்கு. மவுஸ் க்ளிக் கீழே இருந்து மேல வருது: முதல்ல பட்டனோட பூட்டு, அப்புறம் உங்க டேட்டாவோட பூட்டு. டேட்டா மாறினா மேல இருந்து கீழ போகுது: முதல்ல டேட்டா, அப்புறம் பட்டன். எதிரெதிர் திசை. எவ்வளவு கெட்டிக்காரத்தனமா பூட்டு போட்டாலும் எங்கயாவது முட்டிக்கும்.

1997-ல ஸ்விங்கோட வடிவமைப்பை அலசினப்போ சன் நிறுவனம் இதை ஒத்துக்கிச்சு. திரையை ஒரே த்ரெட்தான் தொடணும், மத்தவங்க "இன்வோக்லேட்டர்"னு ஒரு சீட்டு எழுதி வரிசையில போடணும், அவ்வளவுதான். சன்னோட கிரஹாம் ஹாமில்டன் 2004-ல இந்தக் கதையை எழுதினப்போ, பல த்ரெட் தொடுற திரைங்கிறது தோத்துப்போன கனவான்னே தலைப்புல கேட்டார். ஒரு பெரிய கம்பெனிக்காரர் தங்களால காப்பாத்த முடியாத வாக்கைக் கொடுத்துட்டோம்னு வெளிப்படையா எழுதுறது அபூர்வம். எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான்.

பிஓஎஸ் மட்டும் வேற வழியில போச்சு. அதுல ஒவ்வொரு ஜன்னலுக்கும் தனி த்ரெட். ஒண்ணு வேலையில மாட்டினாலும் மத்தது ஓடும். ஆனா அங்கயும் அடுத்த ஜன்னலைத் தொடணும்னா பூட்டு போட்டுட்டுத்தான் தொடணும். ஒரே த்ரெட்டை நம்பி எழுதின பழைய புரோகிராம்களை அங்க கொண்டு போறது பெரும்பாடு. 2001-ல அந்தக் கம்பெனியோட சொத்தை பாம் வாங்கிடுச்சு. (அது விழுந்ததுக்கு வியாபாரக் காரணங்கள் நிறைய. அது தனிப் பதிவு.)

மைக்ரோசாஃப்ட் கதை கொஞ்சம் தமாஷ். டாட்நெட் 1.1-ல தப்பான த்ரெட்ல இருந்து லேபிளை மாத்தினா பல நேரம் சத்தமில்லாம வேலை செய்யும், என்னிக்காவது ஒரு நாள் கவுத்திடும். 2005-ல வந்த 2.0-ல, டீபக்கர்ல ஓட்டும்போது இப்படிச் செஞ்சா உடனே பிழை காட்ட ஆரம்பிச்சாங்க. கூடவே நேர்வழியா "பேக்கிரவுண்ட்வொர்க்கர்"னு ஒண்ணும் கொடுத்தாங்க. நம்மாளுங்க என்ன பண்ணினாங்க? அந்தச் சோதனையையே அணைக்கிற ஒரு வரியைக் கண்டுபிடிச்சு அதைப் போட்டுக்கிட்டாங்க. புகை அலாரம் கத்துதுன்னு பேட்டரியைக் கழட்டுற கதை!

ஆண்ட்ராய்டு 2008-ல வந்தப்போ இந்தச் சலுகை எல்லாம் இல்ல. தப்பான த்ரெட் திரையைத் தொட்டா அது பெரும்பாலும் ஆப்பையே சாய்ச்சிடும். 2011-ல ஹனிகோம்ப் இன்னும் ஒரு படி மேல போச்சு: திரையைப் பாத்துக்கிற த்ரெட் நெட்வொர்க் பக்கம் போனாலே பிழை. அதாவது கல்லாவுல உக்காந்திருக்கிறவர் பேங்குக்குப் போகக் கூடாது, பையனைத்தான் அனுப்பணும்.